இரண்டு எஜமானர் சண்டை
போயர் யுத்தம் உழைப்பாளிக்குச் சொல்லும் பாடம்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடிந்து வெளியே வரும்போது நூற்புப் பகுதித் தோழர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகனின் பள்ளிப் புத்தகத்தில் தென் ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு பாடம் இருந்ததாம். "தோழர், போயர்கள் பிரிட்டிஷ்காரனை எதிர்த்துத்தானே சண்டை போட்டார்கள்? பிரிட்டிஷ்காரன் நம்மை அடிமைப்படுத்தியவன். அப்படியானால் போயர்கள் நம்முடைய பக்கம்தானே?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சட்டென்று ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாத கேள்வி. நானும் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவன்தான். அங்கே இந்த யுத்தம் இரண்டு தேதிகளாகவும் நாலு தளபதிகள் பெயராகவும் வந்து போயிற்று. அந்த நிலம் யாருடையது, அந்தச் சுரங்கத்தில் இறங்கியவன் யார் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. ஆகவே இன்று அந்தக் கேள்வியையே வகுப்பாக எடுத்துக்கொள்ளுவோம்.

போயர்கள் யார்?

போயர் என்ற டச்சு வார்த்தைக்கு விவசாயி என்று பொருள். பெயரைக் கேட்டால் நம்மைப் போல் ஏர் பிடித்தவன் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1652ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆப்பிரிக்காவின் தென்முனையில், கேப் என்ற இடத்தில் ஒரு துறைமுகத்தை ஏற்படுத்தியது. இந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் போகும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுக்க ஒரு தங்குமிடம். அந்த இடத்தில் ஏற்கெனவே மக்கள் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்து வந்தார்கள். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கி, கம்பெனி தன் ஆட்களைக் குடியேற்றியது. குடியேறியவர்கள் உழைப்புக்கு அடிமைகளை வாங்கினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து, ஜாவாவிலிருந்து, நமது வங்காளக் கரையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட அடிமைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். இந்தக் குடியேறிகளின் சந்ததிதான் போயர்கள். அவர்களில் ஏழைகளும் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் மொத்தத்தில், அடுத்தவன் நிலத்தில் அடுத்தவன் உழைப்பில் வாழப் பழகிய கூட்டம்.

1806ல் பிரிட்டன் கேப் பிரதேசத்தை இறுதியாகப் பிடித்துக்கொண்டது. 1834ல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எஜமானர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அடிமைகளுக்கு ஒரு செப்புக்காசு கொடுக்கவில்லை. அந்த நஷ்ட ஈடும் போதாது, வெள்ளையனையும் கறுப்பனையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கிறது என்று ஆத்திரப்பட்ட போயர்கள், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டார்கள். வழியில் இருந்த ஆப்பிரிக்க மக்களைத் துப்பாக்கியால் அடித்து விரட்டி, டிரான்ஸ்வால் என்றும் ஆரஞ்சு சுதந்திர நாடு என்றும் இரண்டு குடியரசுகளை அமைத்தார்கள். 'சுதந்திரம்', 'குடியரசு' என்ற பெயர்களைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். டிரான்ஸ்வாலின் 1858ஆம் வருஷ அரசியல் சட்டம், மாதா கோவிலிலும் சரி, சர்க்காரிலும் சரி, நிறமுள்ளவனுக்கும் வெள்ளையனுக்கும் சமத்துவம் கிடையாது என்று எழுதியே வைத்தது. தாக்குதலில் பிடித்த கறுப்புக் குழந்தைகளுக்கு 'அனாதைகள்' என்று பெயர் சூட்டி, வளரும்வரை பண்ணையில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள்.

பிரிட்டன் என்ன செய்தது? 1852ல் டிரான்ஸ்வால் போயர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதில் ஒரு ஷரத்து: போயர்கள் துப்பாக்கி மருந்து வாங்கலாம், கறுப்பு மக்களுக்கு ஆயுதம் விற்கக்கூடாது. யுத்தம் வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முன்பே இரண்டு எஜமானரும் கறுப்பு மக்கள் விஷயத்தில் கை குலுக்கிக்கொண்டார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மண்ணுக்கு அடியில் தங்கம்

மேய்ச்சல் நிலமாக மட்டும் இருந்தவரை டிரான்ஸ்வாலுக்காக லண்டன் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1877ல் ஒரு தடவை அதைப் பிடித்துப் பார்த்தது. 1881 பிப்ரவரியில் மஜூபா குன்றில் போயர்களிடம் உதை வாங்கிக்கொண்டு, பெயரளவு மேலாதிக்கத்தோடு விட்டுவிட்டது.

1886ல் நிலைமை தலைகீழாயிற்று. டிரான்ஸ்வாலில் விட்வாட்டர்ஸ்ராண்ட் என்ற மேட்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. புல்வெளியாக இருந்த இடத்தில் ஜோகன்னஸ்பர்க் நகரம் முளைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்குள் உலகத்தில் வெட்டி எடுக்கப்படும் தங்கத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்த ஒரே இடத்திலிருந்து வந்தது.

அந்தச் சுரங்கத்தின் கணக்கை ஆலைத் தொழிலாளியான நீங்கள் சுலபமாகப் புரிந்துகொள்வீர்கள். அங்கே தங்கம் கட்டி கட்டியாகக் கிடைக்கவில்லை. ஆழத்தில், கெட்டிப் பாறையில், துளித்துளியாகக் கலந்து கிடந்தது. டன் கணக்கில் பாறையை உடைத்து, அரைத்து, ரசாயனத்தில் கரைத்தால்தான் கொஞ்சம் தங்கம் தேறும். அதற்கு ஐரோப்பிய மூலதனம் வேண்டும், இயந்திரம் வேண்டும், வெடிமருந்து வேண்டும், ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். துணி முதலாளி செலவு கூடினால் துணி விலையை ஏற்றுவான். தங்க முதலாளியால் அது முடியாது. அன்று தங்கத்தின் விலை உலகம் முழுவதும் ஒரே மட்டத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தின் விலையும் அவன் கையில் இல்லை. அப்படியானால் லாபத்தைக் கூட்ட அவன் கைவைக்கக்கூடிய இடம் எது? கூலி. அதுவும் கறுப்புத் தொழிலாளியின் கூலி.

1899ல் அந்தச் சுரங்கங்களில் சுமார் ஒரு லட்சம் கறுப்புத் தொழிலாளர் வேலை செய்தார்கள். மொசாம்பிக் முதலான தூர இடங்களிலிருந்து ஆள் பிடிப்பவர்கள் கொண்டுவந்து தள்ளிய விவசாயிகள். மதில் சூழ்ந்த கொட்டடிகளில் அவர்களை அடைத்து வைத்தார்கள். நம் ஊர்க் கங்காணி தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த அதே வித்தை.

விவசாயி தானாக வந்துவிடுவானா? சொந்த நிலமும் மாடும் இருப்பவன் பாதாளத்தில் இறங்க வரமாட்டான். ஆகவே சட்டம் போட்டார்கள். கேப் காலனியின் பிரதம மந்திரியாக இருந்தவர் செசில் ரோட்ஸ். வைரச் சுரங்கத்துக்கும் முதலாளி அவரே. 1894ல் அவர் கொண்டுவந்த கிளென் கிரே சட்டம், வெளியே போய்க் கூலி வேலை செய்யாத கறுப்பு ஆண்கள்மீது வருஷத்துக்குப் பத்து ஷில்லிங் வரி போட்டது. அடுத்த வருஷம் போயர் சர்க்கார் என்ன செய்தது? சுரங்க முதலாளிகள் சங்கம் கேட்டுக்கொண்டபடி பாஸ் சட்டம் நிறைவேற்றியது. கறுப்புத் தொழிலாளி பாஸ் சீட்டு இல்லாமல் நடமாடக்கூடாது. ஒப்பந்தம் முடியாமல் சுரங்கத்தை விட்டுப் போனால் சிறை. பாருங்கள், பிரிட்டிஷ் காலனியும் போயர் குடியரசும் ஒரே குழலைத்தான் ஊதின.

அப்புறம் ஏன் சண்டை? போயர் ஜனாதிபதி குரூகர், வெடிமருந்து விற்கும் ஏகபோகத்தைத் தமக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்திருந்தார். மருந்து விலை ஏறியது. ரயில் கட்டணம் அதிகம். பாஸ் சட்டத்தைக் கண்டிப்பாக அமல் நடத்தவில்லை. இவைதான் முதலாளிகளின் குறைகள். வெளியே சொன்ன காரணம் வேறு: ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறிய வெள்ளையருக்கு ஓட்டுரிமை இல்லை, பதினாலு வருஷம் காத்திருக்கச் சொல்லுகிறான் குரூகர், அநியாயம் என்றார்கள். அதே மண்ணில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்த கறுப்பு மக்களுக்கு ஓட்டு எங்கே என்று கூட்டத்தில் ஒருவனும் கேட்கவில்லை.

1895 டிசம்பர் கடைசியில் ரோட்ஸின் ஆள் ஜேம்சன், 500க்கு மேற்பட்ட ஆயுதபாணிகளோடு டிரான்ஸ்வாலுக்குள் புகுந்து கவிழ்க்கப் பார்த்தான். நாலைந்து நாளில் பிடிபட்டான். கூலிப்படையால் முடியாததைப் பிரிட்டிஷ் ராணுவத்தைக் கொண்டு முடிக்கத் தீர்மானித்தார்கள். லண்டனில் காலனி மந்திரி சேம்பர்லேனும் கேப்பில் ஹைகமிஷனர் மில்னரும் நெருக்கிக்கொண்டே போனார்கள். 1899 அக்டோபர் 11ல் யுத்தம் மூண்டது.

எரிந்த வீடுகள், இரண்டுவிதக் கல்லறைகள்

போயர்கள் வீரமாகச் சண்டை செய்தார்கள். எதிரியின் வீரத்தையும் உள்ளபடி சொல்லவேண்டும். 1899 டிசம்பரில் ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் பிரிட்டிஷ் சேனையை முறியடித்தார்கள். 1900 ஜூனில் தலைநகர் பிரிட்டோரியா விழுந்த பிறகும் அடங்கவில்லை. டிவெட், போத்தா, டிலாரே, ஸ்மட்ஸ் ஆகிய தளபதிகள் குதிரைமீது கொரில்லா யுத்தம் நடத்தினார்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யம், அதன் எல்லா மூலைகளிலிருந்தும் சுமார் நாலரை லட்சம் சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்தது. அதில் சுமார் 22,000 பேர் செத்தார்கள். குண்டுபட்டுச் செத்தவர்களைவிட, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்களே அதிகம். அவர்களும் லண்டனிலும் மான்செஸ்டரிலும் வேலையில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்தான்.

கொரில்லாவை அடக்க ராபர்ட்ஸும், அவருக்குப் பின் கிச்சனரும் எடுத்த ஆயுதம் நெருப்பு. சுமார் 30,000 பண்ணை வீடுகளைக் கொளுத்தினார்கள். பயிரை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொன்றார்கள். நாடு முழுவதும் சுமார் 8,000 காவல் கூண்டுகள் கட்டி முள்கம்பி இழுத்தார்கள். வீடிழந்த பெண்களையும் குழந்தைகளையும் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். கூடாரம், அழுக்குத் தண்ணீர், அரைவயிற்றுச் சாப்பாடு. அம்மையும் சீதபேதியும் வாரிக்கொண்டு போயின. போயர் முகாம்களில் சுமார் 28,000 பேர் மாண்டார்கள். அதில் 22,000 பேர் பதினாறு வயதுக்குக் குறைந்த குழந்தைகள்! 1901ல் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அந்தக் கோரத்தை நேரில் பார்த்து லண்டனில் எழுதி வெளியிட்டார். 'துரோகி' என்று அவரைத் தூற்றினார்கள். அந்த அம்மையார் பின்வாங்கவில்லை. பிரிட்டனிலேயே இந்த யுத்தத்தை எதிர்த்த கெய்ர் ஹார்டி போன்ற தொழிலாளர் தலைவர்களும் இருந்தார்கள். நாம் மரியாதையோடு நினைவுகொள்ள வேண்டியவர்கள்.

ஆனால், தோழர்களே, இன்னொரு வகை முகாமும் இருந்தது. பண்ணைகளில் வேலை செய்த கறுப்பு மக்களையும் பிரிட்டிஷ் சேனை வீட்டை எரித்து விரட்டியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தனி முகாம்களில் அடைத்தார்கள். வெள்ளையர் முகாமில் குறைச்சலாகவாவது ரேஷன் கொடுத்தார்கள். இங்கே தானியத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். அல்லது ரயில் பாதை ஓரத்தில் தாங்களே பயிரிட்டுக்கொள்ள வேண்டும். ஆண்கள் பட்டாளத்துக்கு வேலை செய்ய வேண்டும். பதிவான சாவு மட்டும் 14,000க்கு மேல். உண்மைக் கணக்கு 20,000க்குக் குறையாது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். லண்டனிலிருந்து பெண்கள் கமிஷன் ஒன்று முகாம்களைப் பார்வையிட வந்தது. அது கறுப்பர் முகாம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1913ல் புளூம்ஃபான்டீனில் மாண்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் போயர் பெண்களும் குழந்தைகளும்தான் கணக்கு. ஒரே புழுதியில், ஒரே காய்ச்சலில் செத்த கறுப்புக் குழந்தை அந்தக் கணக்கில் சேரவில்லை.

சண்டையில் கறுப்பு மக்கள்

'வெள்ளையர் யுத்தம்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். உண்மையில் அது கறுப்பு மக்களின் முதுகின்மேல் நடந்தது. யுத்தம் தொடங்கியதும் சுரங்கங்கள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். ரயிலில் இடமில்லை. 1899 அக்டோபரில் ஏழாயிரம் ஜூலு தொழிலாளர், மார்விக் என்ற நேட்டால் உத்தியோகஸ்தர் முன்செல்ல, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நேட்டால் வரை பல நாள் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

பிரிட்டிஷ் சேனைக்கு வண்டி ஓட்டவும், அகழி வெட்டவும், உளவு பார்க்கவும் ஒரு லட்சம் கறுப்பு மக்கள் உழைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் துப்பாக்கியும் ஏந்தினார்கள். மாஃபெகிங் நகரை ஏழு மாதம் போயர்கள் முற்றுகையிட்டபோது, பரோலாங் மக்கள் நகரத்தைக் காத்துச் சண்டையிட்டார்கள். புகழ் முழுவதும் தளபதி பேடன் பவலுக்குப் போயிற்று. அதே பேடன் பவல் வெள்ளையருக்கு உணவு நிற்கவேண்டும் என்பதற்காகக் கறுப்பு மக்களின் தானியத்தைக் குறைத்தார். பலர் பட்டினியால் செத்தார்கள். அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த சால் பிளாட்ஜே என்ற ஆப்பிரிக்க இளைஞர் இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அது 1973ல்தான் அச்சேறியது. அந்தப் பெயரை ஞாபகம் வையுங்கள், மீண்டும் வருவார்.

ஏன் பிரிட்டிஷ் பக்கம் நின்றார்கள்? பிரிட்டன் ஜெயித்தால் ஓட்டுரிமை வரும், போயர் பிடுங்கிய நிலம் திரும்பும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பிரிட்டன் வளர்த்தும் விட்டது.

நம் மக்களும் அங்கே இருந்தார்கள்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'டிரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இந்தியர் கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னை ராஜதானியைச் சேர்ந்த தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மீது வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி போட, 1895ல் நேட்டால் சட்டம் செய்தது. போட்டது போயர் அல்ல, பிரிட்டிஷ் காலனி.

யுத்தம் வந்தபோது, காந்தி 1,100 பேர் கொண்ட இந்தியத் தூளிப் படையைத் திரட்டினார். அவர்களில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோவிலும் ஸ்பியோன் கோப்பிலும் காயம்பட்ட சிப்பாய்களைத் தோளில் சுமந்து, ஒரு நாளுக்கு 20, 25 மைல்கூட நடந்தார்கள். என் மனம் போயர் பக்கம் இருந்தது, சாம்ராஜ்யப் பிரஜை என்ற கடமைக்காகப் போனேன் என்று காந்தியே பின்னால் எழுதினார். முற்றுகையில் சிக்கிய லேடிஸ்மித் நகரில் பிரபு சிங் என்ற கூலி, மரத்தின் மேல் உட்கார்ந்து, குன்றில் போயர் பீரங்கி வெடிக்கும் ஒளியைப் பார்த்ததும் மணி அடிப்பார். மணி கேட்டு ஊர் பதுங்கும். அவர் பதுங்க இடமில்லை.

பிரிட்டிஷ் மந்திரி லான்ஸ்டவுன், போயர்கள் இந்தியரை நடத்தும் விதம் தமக்கு மிகுந்த ஆத்திரமூட்டுகிறது என்று மேடையில் முழங்கினார். யுத்தம் முடிந்தது. டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் கைக்கு வந்தது. போயர்கள் அரைகுறையாக அமல் நடத்திய இந்திய விரோதச் சட்டங்களைப் பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்கள் ஒழுங்காக அமல் நடத்தினார்கள். 1906ல் பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிவு செய்யவேண்டும் என்று புதுச் சட்டமும் கொண்டுவந்தார்கள். தூளி தூக்கியதற்குக் கிடைத்த கூலி அதுதான்!

இந்தச் சண்டையின் இன்னொரு காட்சி நம் ஊர்ப் பக்கமே நடந்தது. பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி, இலங்கையில் தியத்தலாவையிலும், இங்கே திருச்சியிலும்கூட முகாம் போட்டு அடைத்து வைத்தார்கள். நம் மக்களைக் கூலியாக அங்கே ஏற்றிப்போன அதே சாம்ராஜ்யம், அந்த நாட்டு வெள்ளையரைக் கைதியாக இங்கே ஏற்றிவந்தது.

சமாதானம் யார் தலையில்?

1902 மே 31ல் பிரிட்டோரியாவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தோற்றவன் போயர். ஆனால் நிபந்தனைகளைக் கேளுங்கள். எரிந்த வீடுகளைக் கட்ட போயர்களுக்கு முப்பது லட்சம் பவுன். டச்சு மொழிக்கு இடம். சீக்கிரம் சுயாட்சி. எட்டாவது ஷரத்து: கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை என்ற பிரச்னை, சுயாட்சி கொடுத்த பிறகுதான் தீர்மானிக்கப்படும். அதாவது, ஓட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் போயரே தீர்மானித்துக்கொள்ளலாம்! பானையைக் காக்கும் வேலையைப் பூனையிடம் ஒப்படைத்தார்கள்.

அந்த மேஜையில் ஒரு கறுப்பு மனிதன்கூட உட்காரவில்லை. 1852ல் குலுக்கிய கையை 1902ல் மறுபடியும் குலுக்கினார்கள். நடுவில் நடந்தது யார் பெரிய எஜமானன் என்ற வழக்கு மட்டுமே.

தீர்ப்பின் பலன் உடனே தெரிந்தது. மில்னர் நிர்வாகம் பாஸ் சட்டத்தை முதலாளிகள் ஆசைப்பட்டபடி கண்டிப்பாக நடத்தியது. சுரங்கக் கூலியை யுத்தத்துக்கு முந்திய மட்டத்துக்கும் கீழே இறக்கினார்கள். கறுப்புத் தொழிலாளர் சங்கம் இல்லாமல், கொடி இல்லாமல், சுரங்கத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். அதுவும் ஒரு வேலைநிறுத்தம்தான். அதை உடைக்க 1904லிருந்து சீனாவிலிருந்து சுமார் 63,000 ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். நேட்டாலில் தலைவரி ஒரு பவுன் விதித்தபோது 1906ல் பம்பத்தா என்ற தலைவன் கீழ் ஜூலு மக்கள் எழுந்தார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள்.

1910 மே 31ல் நாலு காலனிகளும் சேர்ந்து தென் ஆப்பிரிக்க ஐக்கியம் பிறந்தது. பிரதம மந்திரி போயர் தளபதி போத்தா. பார்லிமெண்டில் வெள்ளையர் மட்டுமே உட்காரலாம்.

அடுத்து 1913. வயல் வேலை செய்யும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்று ஆப்பிரிக்க விவசாயிகள் பலர் சொந்த ஏரும் மாடும் கொண்டு போயர் நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். விளைவில் பாதி நிலக்காரனுக்கு, பாதி உழுதவனுக்கு. 1913ஆம் வருஷ நிலச் சட்டம், மக்கள் தொகையில் பெரும்பகுதியான கறுப்பு மக்களுக்கு நாட்டு நிலத்தில் சுமார் 7 சதம் என்று எல்லை கட்டியது. ஆரஞ்சு சுதந்திர நாட்டில் வாரச் சாகுபடியே கூடாது என்றது. கூலியாளாக நில், இல்லையேல் மாட்டை ஓட்டிக்கொண்டு வெளியேறு! குளிர்காலத்தில் குழந்தை குட்டிகளோடும் மெலிந்த மாடுகளோடும் சாலைகளில் அலைந்த குடும்பங்களைப் பின்தொடர்ந்து சென்று எழுதியவர் யார்? மாஃபெகிங்கில் நாட்குறிப்பு எழுதிய அதே பிளாட்ஜே. பிரிட்டனை நம்பியவர். 1912ல் தொடங்கிய ஆப்பிரிக்கர் காங்கிரசின் முதல் செயலாளர் அவர். முறையிட லண்டன் போனார், வெறுங்கையோடு திரும்பினார்.

அதே 1913ல்தான் மூன்று பவுன் வரியை எதிர்த்து நேட்டாலில் இந்தியக் கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கி கரும்புத் தோட்டமெல்லாம் பரவியது. சவுக்கும் துப்பாக்கியும் அடக்க முடியவில்லை. தில்லையாடி வள்ளியம்மை என்ற சின்னப் பெண் சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் உயிர் துறந்தார். அந்த வருஷமே வரி ரத்தாயிற்று. தூளி தூக்கிக் கிடைக்காதது, வேலைநிறுத்தத்தில் கிடைத்தது.

வெள்ளைத் தொழிலாளி கற்ற பாடம்

சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளரும் இருந்தார்கள். கறுப்புத் தொழிலாளியைவிடப் பல மடங்கு கூலி, மேற்பார்வை வேலை. 1920ல் சுமார் 71,000 கறுப்புத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைத் தொழிலாளர் வேலையை நிறுத்தவில்லை. போராட்டம் முறிந்தது.

இரண்டே வருஷம். தங்க விலை இறங்கியதும், முதலாளிகள் வெள்ளையரைக் கழித்துவிட்டு மலிவான கறுப்பு ஆளை வைக்கப் பார்த்தார்கள். 1922ல் வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ஆயுதமும் எடுத்தார்கள். ஆனால் தூக்கிய பதாகையில் உலகத் தொழிலாளரை அழைத்த கையோடு 'வெள்ளைத் தென் ஆப்பிரிக்கா' என்று எழுதினார்கள். சிலர் கறுப்பு மக்களைத் தாக்கிக் கொன்றார்கள். முதலாளியோடு சண்டை, சக தொழிலாளியோடும் சண்டை, ஜெயிக்க முடியுமா? அரசு பீரங்கியும் ஆகாய விமானமும் கொண்டு அடித்தது. சுமார் 200 பேர் செத்தார்கள். நால்வரைத் தூக்கிலிட்டார்கள்.

அடக்கிய பிரதம மந்திரி யார்? ஸ்மட்ஸ். கொரில்லாத் தளபதி ஸ்மட்ஸ்! 1946 ஆகஸ்டில், கம்யூனிஸ்ட் தோழர் ஜே.பி. மார்க்ஸ் தலைமையில், நாளைக்குப் பத்து ஷில்லிங் கூலி கேட்டு எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கறுப்புச் சுரங்கத் தொழிலாளர் எழுந்தபோது போலீஸை ஏவினவரும் அதே ஸ்மட்ஸ்தான். குறைந்தது 9 பேர் கொல்லப்பட்டார்கள். 1901ல் பிரிட்டிஷாருக்கு எதிராகக் குதிரை ஏறிய சுதந்திர வீரர், தங்கச் சுரங்கத்தின் காவல்காரராக முடிந்தார். அவர் தனி மனிதராகக் கெட்டுப்போனார் என்று நினைக்காதீர்கள். அவர் கேட்ட சுதந்திரமே அவ்வளவுதான்: எஜமானனாக இருக்கும் சுதந்திரம்.

கேள்விக்கு விடை

இப்போது நம் தோழரின் கேள்விக்கு வருவோம். போயர்கள் நம் பக்கமா?

பிரிட்டன் செய்தது கொள்ளைக்கார யுத்தம், சந்தேகமில்லை. லெனின் ஏகாதிபத்தியச் சகாப்தத்தின் தொடக்க மைல்கல்களில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டார். முகாமில் செத்த போயர் குழந்தைக்காக நாம் கண்ணீர் விடலாம், விட வேண்டும். ஆனால் வெள்ளைக்காரனை எதிர்த்தவன் எல்லோரும் உழைப்பாளியின் தோழன் ஆகிவிட மாட்டான். எவன் சுதந்திரக் கொடி தூக்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உழுகிறவனுக்கு நிலம் உண்டா? உழைக்கிறவனுக்கு ஓட்டு உண்டா? கூலியும் சங்கமும் என்ன ஆகும்? போயரும் பிரிட்டிஷாரும் மூன்றுக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்.

1902ல் தள்ளிப்போட்ட ஓட்டு, கறுப்பு மக்கள் அனைவருக்கும் 1994 ஏப்ரலில்தான் கிடைத்தது. தொண்ணூற்றிரண்டு வருஷம்! சிறையும் தூக்கும் துப்பாக்கிச் சூடும் கடந்து அவர்களே பெற்றார்கள். நிலம் இன்னும் முழுவதும் வரவில்லை. 2017ல் அந்நாட்டு அரசு எடுத்த கணக்குப்படி, தனியார் பெயரில் இருந்த பண்ணை நிலத்தில் 72 சதம் வெள்ளையரிடமே இருந்தது.

கடைசியாக ஒரு வார்த்தை. 1920ல் வெள்ளைத் தொழிலாளி செய்த தவறை, வேறு நிறத்தில் நாமும் செய்யக்கூடும். வடக்கேயிருந்து காண்டிராக்டில் வந்து, ஆலைக்குள்ளேயே அடைந்து கிடந்து, நம்மைவிடக் குறைந்த கூலிக்கு இயந்திரம் ஓட்டும் பையனைப் பார்த்து, 'இவன்தான் நம் பிழைப்பைக் கெடுத்தவன்' என்று முணுமுணுக்கிறோமே, அந்த முணுமுணுப்பு முதலாளியின் காதுக்கு இனிய சங்கீதம். அவனுடைய கூலி உயராமல் நம்முடைய கூலி நிலைக்காது. அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் அப்படி ஒருவரையாவது கையோடு அழைத்து வாருங்கள். அவருக்குப் புரியும் மொழியில் பேச நாம் கற்றுக்கொள்வோம்.